முதல் வரி

"பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாச்சுப்பா. டாக்டர் சொன்னாக்கூடக் கேக்க மாட்டீங்களா?"

"அந்த மாத்திரை கிட்னியையே தின்னுடுமாம். எங்க வாட்ஸ்அப் குரூப்புல வந்திருக்கு."

"யார் எழுதினது? ஆதாரம் எங்க?"

"ஆரம்பிச்சுட்டா! இதழியல் படிச்சாலும் படிச்சா, உப்புப் பெறாத சேதிக்கும் ஆதாரம் கேக்கறா."

மகள் அறைக்குள் போனாள். கல்லூரிக் கட்டுரையின் முதல் வரி மடிக்கணினியில் காத்திருந்தது: 'பொய்ச் செய்தியை எந்தக் காரணத்துக்காகவும் பரப்பக் கூடாது.'

மறுநாள் காலை அப்பா கைபேசியும் கையுமாக வந்தார்.

"இதக் கேளு. எண்பது வயசு விஞ்ஞானி ஒருத்தர் சொல்லியிருக்கார். மாத்திரையை நிறுத்தினாத்தான் கிட்னி கெடுமாம். ஏண்டி, என் மாத்திரை எங்க?"

"யாருங்க அந்த விஞ்ஞானி?" என்றாள் அம்மா.

"பெரிய மனுஷன்கிட்டயும் ஆதாரம் கேப்பியா? மகளுக்கு ஏத்த அம்மா!"

அவர் மாத்திரையை விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு மகள் அறைக்குத் திரும்பினாள். விஞ்ஞானியின் செய்தி மடிக்கணினியில் இன்னும் திறந்தே கிடந்தது. நேற்று அவளே எழுதி, சித்தப்பாவைவிட்டுக் குரூப்பில் போடவைத்தது. அதை மூடினாள்.

கட்டுரையைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு முதல் வரியில் 'எந்தக் காரணத்துக்காகவும்' என்பதை மட்டும் அழித்தாள்.