இரைகிற மெஷின்

மார்ச் மூன்றாம் தேதி, எலும்பு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் காந்தப்புல சிகிச்சைப் பரிசோதனை ஆரம்பமானது. இரண்டு கட்டில், இரண்டு மெஷின். ஒன்று நிஜம், மற்றது போலி. எது எதுவென்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை.

மனைவியோடு அதில் சேர்ந்த ஓய்வுபெற்ற பம்ப் மெக்கானிக்குக்குச் சொல்லவா வேண்டும்? அவருடைய மெஷின் இரைந்தது. மனைவியுடையது மூச்சே விடவில்லை.

நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போனதும் எழுந்தார்.

“இடம் மாத்திப் படு.”

“உங்க எலும்பும்தானே தேயுது?”

“நீ விழுந்தா எனக்குக் காபி யார் போடறது? பேசாம படுடி.”

ஆறு மாதமும் அப்படியே மாறிப் படுத்தார்கள்.

கடைசி நாள் டாக்டர் தலையைச் சொறிந்தார். “அதிசயமா இருக்கு சார். போலி மெஷின்ல படுத்த உங்களுக்கு எலும்பு தேறியிருக்கு. நிஜத்துல படுத்த அம்மாவுக்கு இன்னும் மோசம்.”

“போலியா? அதுதானே இரைஞ்சுது?”

“உள்ள வெறும் ஃபேன் சார். சும்மா படுத்திருக்கோம்னு தோணக்கூடாதில்ல? நிஜ மெஷின் சத்தமே போடாது.”

வெளியே மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னார்?”

“தேறிட்டியாம்.”

அந்த வாரமே அவள் குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் எழவில்லை.

இப்போது காபி அவர்தான் போடுகிறார்.