எலி மருந்துப் பக்கம்

"கடைக்கு வர்ற ஆளை வாசல்லயே மறிச்சு இத்தனை கேள்வி கேட்டா, அவன் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான் அக்கா" என்றான் வெப்சைட்காரன்.

"வாஸ்தவம்தான் தம்பி" என்றாள் அக்கா.

ஆணியில் ஆரம்பித்து பெயின்ட் வரைக்கும் விற்கிற ஹார்ட்வேர் கடை அவளுடையது. கடையின் வெப்சைட்டைத் திறந்தவர்கள் எல்லாரும் திட்டினார்கள். அதைச் சரிசெய்யத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

திறந்த உடனே ஒரு வீடியோ தானாகக் கத்த ஆரம்பித்தது. எதைத் தொட்டாலும் 'எங்கள் சலுகைகள் வேண்டுமா?' என்று ஒரு பெட்டி குறுக்கே விழுந்தது. அதை மூடுகிற குறி கடுகளவு. ஒரு தாழ்ப்பாள் வாங்கவே பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தால், இது போதாது, நடுவில் ஒரு நட்சத்திரமும் வேண்டும் என்று அடம் பிடித்தது.

எல்லாவற்றுக்கும் அக்கா, "தூக்கிடு" என்றாள். வீடியோவில் பேசுவது அவளேதான். அதையும் தூக்கச் சொன்னாள்.

எலி மருந்துப் பக்கம் வந்தபோது மட்டும், "அதை விட்டுடு" என்றாள்.

இருப்பதிலேயே மோசமான பக்கம் அது. பணம் கட்ட வழியே கிடையாது. போன் நம்பரை வாங்கிக்கொண்டு, 'கடையிலிருந்து அழைப்போம், காத்திருக்கவும்' என்று அப்படியே நின்றுவிடும். பாதிப் பேர் கடுப்பாகி ஓடிவிடுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னான்.

"ஓடட்டும்" என்றாள் அக்கா.

"எலிப்பொறியை ரெண்டு தட்டு தட்டினா வாங்கிட முடியுது. இதுக்கு மட்டும் ஏன் அக்கா?"

"பொறி வேற, மருந்து வேற."

அவனுக்குப் புரிந்துவிட்டது. போனில் பேச்சுக் கொடுத்து விலை கூடின சரக்கைத் தலையில் கட்டுகிற பழைய வித்தை. நமக்கென்ன என்று லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் சிணுங்கியது. அதே பக்கத்திலிருந்து ஒரு ஆர்டர். உடனே அந்த நம்பருக்குக் கூப்பிட்டாள்.

"எலி மருந்து கேட்டிருந்தியாம்மா? எலி எந்தப் பக்கம் வருது, சமையல்கட்டா, பரணா?"

மறுமுனையில் பதில் வரத் தாமதமானது. அக்கா அவசரப்படவில்லை. பெரிய எலியா, சுண்டெலியா, எதை எதைக் கடித்தது, வீட்டில் குழந்தைகள் உண்டா என்று சாவகாசமாக விசாரித்துக்கொண்டே போனாள்.

கவுன்டரில் குழாய் வாங்க வந்த பிளம்பர் நின்றிருந்தார். இருங்கள் என்று அக்கா கை காட்டினாள். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, முனகிக்கொண்டே வெளியேறினார். வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு இது தேவையா என்று வெப்சைட்காரனுக்கு வயிறு எரிந்தது.

"சரி, அது கிடக்கட்டும். நீ சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

பிறகு, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பக்கத்துத் தெருவில் அந்தப் பெண்ணின் கூடப்பிறந்த அக்கா இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் நம்பரையும் கேட்டு வாங்கினாள். ஒரு ஆர்டரில் இரண்டு கஸ்டமர் பிடித்துவிட்டாளே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"உன் போனைக் குடு தம்பி" என்று வாங்கி, இன்னொரு காதில் வைத்தபடி, அந்த மூத்தவளைத் தங்கை வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவள் போய்க் கதவைத் தட்டுகிற வரைக்கும் முதல் போனை வைக்கவே இல்லை. தன் கடைக்கு வந்த ஒரு குரங்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"எத்தனை டப்பா அக்கா?" என்றான் அவன்.

"ஒண்ணும் இல்ல தம்பி. ஆர்டரை கேன்சல் பண்ணிடு."

"இவ்வளவு பேசியுமா?"

"அந்தப் பொண்ணு வீட்ல எலியே கிடையாதாம்."