கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர்

கூடத்தின் நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர் வைத்து, கம்ப்யூட்டரோடு இணைத்து முடித்தாள் மகள்.

"ரிட்டயர் ஆகி வந்த அப்பா மறுபடி வேலைக்குப் போறேன்னு நிக்கிறாரு. படம் போட்டுக் காட்டினா நின்னுடுவாராம்மா?"

"பாப்போம். சோபாவை எடுத்துட்டு நடுவுல கட்டிலைப் போடு."

"நல்லாருக்கு! படுத்துக்கிட்டே படமா?"

"பேசாம அந்தக் குண்டு ஸ்பீக்கரைக் கட்டிலுக்கு அடியில தள்ளுடி."

"கட்டிலே அதிரும்மா!"

"அதிரட்டும்."

அப்பாவைக் கூப்பிட்டுப் படுக்க வைத்தார்கள். அம்மா கொடுத்த ஒலிப்பதிவை மகள் ஓடவிட்டாள்.

படமும் இல்லை, பாட்டும் இல்லை. அடியில் கப்பல் எஞ்சின் உறுமியது. நாலு பக்கமும் இரும்புச் சுவர்கள் கிறீச்சிட்டன. அப்பாவோடு எஞ்சின் அறையில் வேலை பார்த்தவரிடம் கெஞ்சி அம்மா வாங்கிய பதிவு அது. காலமெல்லாம் அந்த இரைச்சலில் தூங்கியவருக்கு வீட்டு அமைதியில் கண் மூட முடியவில்லை. அதனால்தான் கப்பலுக்கே திரும்பப் போகிறேன் என்று நின்றார்.

"ஏய், என்னடி இது, நம்ம எஞ்சி..." என்றவர், முடிப்பதற்குள் குறட்டை விட்டார்.

மகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "இந்தச் சத்தத்துல நீ எப்படிம்மா தூங்குவே?"

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்குப் போர்த்திவிட்டாள்.

"அவர் கடல்ல இருந்தப்ப மட்டும் நான் தூங்கினேனாக்கும்!"