உச்சியில் ஒரு சம்பளப் பேச்சு

“கீழ பாக்காதீங்க சார். என் மூஞ்சியப் பாருங்க” என்றாள் பேயக்கா.

மேனேஜர் பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கரி, வாயோரம் சிவப்புச் சாயம், விரித்துப் போட்ட தலைமுடி. கீழே பார்ப்பதே மேல் என்று தோன்றியது. அதற்கும் தைரியம் வரவில்லை. ராட்டினத்தின் உச்சிக் கூண்டில் இருவரும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே வந்ததும் நின்ற ராட்டினம், நின்றது நின்றதுதான்.

பொழுதுபோக்குப் பூங்காவில் சீசன் தொடங்கும் காலையில், கேட் திறப்பதற்கு முன்னால் மேனேஜர் ராட்டினத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது வழக்கம். விளம்பரப் படத்தில் வேஷம் போட்ட ஆள் ஒன்று பக்கத்தில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று, பேய் வீட்டில் பயமுறுத்துகிற வேலை பார்க்கும் இவளையும் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

கத்தினால் மரியாதை போய்விடும் என்று மேனேஜர் கையை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். படத்துக்காகத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்து, கீழே கூடியிருந்தவர்களும் சந்தோஷமாகக் கை ஆட்டினார்கள். போன் பண்ணலாம் என்றால், சவாரிக்கு யாரும் போன் எடுத்துப் போகக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

ராட்டினத்தின் சுவிட்ச் பேயக்காவின் தம்பி கையில். அது ஞாபகம் வந்ததும் மேனேஜருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“இது உன் தம்பி வேலைதானே?”

பேயக்காவுக்கும் அப்போதுதான் அந்த எண்ணமே வந்தது. தம்பி வாயில்லாப் பூச்சி. சம்பளம் வாங்கும்போதுகூட மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நிற்பான். அவனா இப்படித் துணிந்தான் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிள்ளை இவ்வளவு செய்த பிறகு நாம் சொதப்பக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வருஷம் முழுக்கச் சாப்பிட அவளுக்கு இந்தச் சீசன் ஒன்றுதான். இந்தத் தடவை மேனேஜர் ஆட்களைப் பாதியாக வெட்டியிருந்தார். டிக்கெட் கிழிக்கிறவளே தரையும் பெருக்க வேண்டும். கரடி வேஷக்காரனே ஐஸ்கிரீமும் விற்க வேண்டும். மழை வந்து பூங்காவை மூடினால் அன்றைக்குக் கூலி கிடையாது. கேட் திறக்கும்வரை நிற்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் சம்மதித்த மாதிரி, மற்றவர்கள் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்.

“சரி சார், பேசுவோமா?”

இங்கேயா என்று அதிர்ந்தார் மேனேஜர். உங்கள் அறையில் நிற்கக்கூட விடுவதில்லை, இங்கேதான் சரிசமமாக உட்கார இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்றாள் பேயக்கா. இறங்கியதும் அக்காளையும் தம்பியையும் ஒரே சீட்டாகக் கிழித்து வீட்டுக்கு அனுப்புவேன் என்று அவர் சீறினார்.

“இறங்கினாத்தானே சார்” என்றாள் அவள், சாந்தமாக.

ஆனால் இவர் மசியாவிட்டால் வீட்டில் இரண்டு பேர் சம்பாத்தியமும் போச்சு. நல்ல வேளையாக ஒரு காற்று அடித்தது. கூண்டு ஆடியது, மேனேஜர் கம்பியோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். மனிதர் வாழ்க்கைப்படாமலே ஏறியிருந்தார்.

மழைக்கு நான் என்ன செய்ய முடியும், மழையிடம் போய்க் கூலி கேள் என்றார், கண்ணை மூடியபடி.

“மழை பெய்யுதுன்னு எங்க வயிறு லீவு எடுக்காது சார்.”

பாதிக் கூலி என்றார். பேயக்கா முடியைக் கோதிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அடுத்த காற்றில் முக்காலானது. அதற்கடுத்த காற்று கொஞ்சம் பலமாகவே வந்ததால் முழுக் கூலிக்கே வந்துவிட்டார். வெட்டின ஆட்கள் விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தார்; முதலாளி என் தோலை உரித்துவிடுவார் என்று கெஞ்சினார். அவர் உரிப்பதற்கும் நீங்கள் கீழே போய்ச் சேர வேண்டுமே என்று பேயக்கா எடுத்துச் சொன்னாள். அதில் இருந்த நியாயம் அவருக்கும் புரிந்தது.

“சரி. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கறேன். உன் தம்பிகிட்ட சொல்லும்மா.”

“எங்கிட்ட சொன்னா போதாது சார். அங்க நிக்கிற அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. தரையில கால் பட்டதும் பெரியவங்களுக்கு எல்லாம் மறந்துபோகும்.”

மேனேஜர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார். மழை நாளுக்கும் முழுக் கூலி, வெட்டின ஆட்கள் எல்லோரும் இன்றைக்கே வந்து சேரலாம். கீழே விசிலும் கைதட்டலும் பூங்காவைத் தூக்கிக்கொண்டு போயின. கரடி தன் தலையைக் கழற்றி மேலே எறிந்து பிடித்தது. சற்று நேரத்தில் ராட்டினம் ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது.

கூண்டு தரைக்கு வந்ததும் பேயக்கா ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டாள். அவன் சட்டையெல்லாம் கரி. அவனுக்கோ பேச முடியாமல் மூச்சு வாங்கியது. பின்னாலேயே மேனேஜர் தள்ளாடி வந்தார். கொடுத்த வாக்கை இனி விழுங்க முடியாது. யாரையாவது திட்டவாவது வேண்டும்.

“ராட்டினத்த நிறுத்த உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தது? உண்மையச் சொல்லு.”

தம்பி மிரண்டுபோய் அக்காவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“நீங்கதான் சார். இனிமே ராட்டினத்துக்கும் பூங்காவோட அந்தக் கோடியில ஓடுற குட்டி ரயிலுக்கும் நான் ஒருத்தன்தான், ஒண்ண நிறுத்திட்டுத்தான் இன்னொண்ண ஓட்டணும்னு காலையில சொன்னீங்களே… ரயில ஓட்டிப் பாத்துட்டு இருந்தேன் சார், இங்க கைதட்டுற சத்தம் கேட்டப்புறம்தான் நீங்க மேல இருக்கிற ஞாபகமே வந்துச்சு.”