நிறுத்தச் சொல்லாத கங்காணி

"அப்பு, அந்தச் சீக்கோட பேரு மட்டும் உன் வாயில வரக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் செல்லக்கிளி மகனிடம், போடியில் பெண் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போதே.

மகன் லிங்கேஸ்வரன் பெங்களூரில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவன். சொந்த ஊர் ராசிங்காபுரத்திலிருந்து பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் அந்தப் பேரைக் கேட்டதும் காபியோடு சரி. நோயோடு புழங்குகிற பையனுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று ஒரு வீட்டில் கேட்டேவிட்டார்கள். அவனுக்கு முப்பத்திரண்டு முடியப் போகிறது. இந்த இடமும் தட்டிப்போனால் செல்லக்கிளி படுத்துவிடுவாள்.

பெண்ணின் அப்பா மகாராஜனுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம். எடுத்த எடுப்பிலேயே மாப்பிள்ளையின் வேலையைப் பற்றித்தான் விசாரித்தார்.

"உங்க தோட்டத்துல கங்காணி இருக்காருல்ல மாமா," என்று லிங்கேஸ்வரன் ஜாக்கிரதையாக ஆரம்பித்தான். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் செய்ய வேண்டிய வேலைகள் மரபணுவாக எழுதிக் கிடக்கின்றன, அதில் எதை இன்றைக்குத் தொடங்கணும், எதை நிறுத்தணும் என்று ஏவுகிற கங்காணி மாதிரிச் சில புரதங்கள் உண்டு, அவற்றைத்தான் ஆராய்வதாகச் சொன்னான்.

மகாராஜன் விடவில்லை. "கங்காணி கெட்டுப்போனா?"

"நிறுத்தவே சொல்ல மாட்டான். செல்லு பெருகிக்கிட்டே போகும். அப்புறம்..."

செல்லக்கிளி மகனின் தொடையைக் கிள்ளினாள்.

"பெருகுனா நல்லதுதான? வம்சம் பெருகுற மாதிரி," என்றார் அவன் அப்பா தவசி. மகனின் படிப்பு அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான். பெரியவர்கள் சிரித்தார்கள். லிங்கேஸ்வரனுக்கு மட்டும் வெட்கமாக இருந்தது.

காபித் தட்டோடு நின்ற மகாராஜனின் மகள் கலையரசியும் சிரிக்கவில்லை. பி.காம் முடித்து பாங்கில் வேலை பார்க்கிற பெண்.

"எந்தக் கங்காணி? மிக்கா?" என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மிக் என்பது ஆறு வருடமாக அவன் கட்டி அழுகிற புரதத்தின் பேர். வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"ஆமா. பி.காம் படிச்ச உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கலையரசியின் அம்மா கதவோரம் நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். கலையரசி அதைக் கவனிக்காதவள் போல் தட்டைக் கீழே வைத்தாள்.

"பன்னெண்டு வயசுல எனக்குக் கேன்சர். கெளப்பிவிட்டது அந்த மிக்குதான்னு டாக்டர் சொன்னாரு. எட்டு மாசம் மதுரை ஆஸ்பத்திரியில கெடந்து குணமாகி வந்தேன். இதச் சொன்னா மாப்ள வீட்டுக்காரங்க ஓடிருவாங்கன்னு அம்மா காலையிலயே சத்தியம் வாங்கிருச்சு."