டீச்சர் போட்ட மாத்திரை

"பேசாதீங்க டீச்சர், மூச்சு மட்டும் விடுங்க" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. எங்கள் இதய வார்டில் என் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

இடது கை டீச்சரின் மணிக்கட்டில். வலது கையில் துடிப்பைக் கேட்கும் கருவி. சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். நுனியில் பசையைத் தடவி, நகர்த்தி நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தேன். டீச்சர் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கண்களை இறுக மூடியிருந்தாள்.

வெறும் இரைச்சல். துடிப்பைக் காணோம்.

வந்த அன்று நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது. காதில் கேட்டால் தையல் மெஷினை விடாமல் மிதிப்பதுபோல் இருந்தது. அப்படி ஓடினால் எந்த இதயம்தான் தாங்கும்? நீர் கோக்கவும் ஆரம்பித்துவிட்டது.

இன்று சாயங்காலத்துக்குள் மாத்திரைக்கு அடங்கினால் சரி, இல்லையென்றால் நாளை ஆபரேஷன், இந்த நிலையில் பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று பெரிய டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். டீச்சர் அழவில்லை. அவள் கணவர்தான் அழுதார்.

பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர். தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லையாம். அப்படிப்பட்டவள், மாத்திரை நேரத்துக்கு முன்பே தண்ணீர் டம்ளரோடு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். என் சர்வீஸில் அப்படியொரு ஆளை நான் பார்த்ததே இல்லை. மற்றவர்களையெல்லாம் கெஞ்சித்தான் விழுங்க வைக்க வேண்டும்.

மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. இதயத்தின் செல்களுக்குள் சோடியம் நுழைகிற வாசலைப் பாதி சாத்தி, ஓட்டத்தை மட்டுப்படுத்துவது. அளவு கொஞ்சம் தப்பினால், ஒழுங்காகத் துடிக்கிற இதயத்தையே தாறுமாறாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் இசிஜி எடுப்பேன். அதில் வரும் கோட்டின் கூர்முனைகள் அகலமாகிவிட்டனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கிறதா என்று லேபைப் போனில் நச்சரிப்பேன்.

ஆணியைச் சப்பிய மாதிரி வாய் கசக்கிறது என்பாள். எழுந்தால் தலை சுற்றும், பார்வை மங்கும். கழிப்பறைக்கு நான் தோளைப் பிடித்து நடத்திப் போகும்போது, ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் ஒருநாள்கூட "வேண்டாம்" என்று சொன்னதில்லை.

நேற்று நடந்த கூத்து வேறு. எங்கள் புது சிஸ்டருக்கு வார்டில் அவசரக்குடுக்கை என்று பெயர். கருவியை வைத்த வேகத்தில் தொண்ணூறு, இறங்கிவிட்டது என்று கத்திவிட்டாள். டீச்சரின் கணவர் ஓடிப்போய் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார். போய்ப் பார்த்தால், எண்ண வேண்டியதை விட்டுவிட்டு வேறு துடிப்பை எண்ணியிருக்கிறாள்! மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, இரண்டும் வேறு வேறு எண் சொன்னால்தான் நம்ப வேண்டும். இது இந்த வேலையின் அரிச்சுவடி. கொடுத்த மிட்டாயைத் திருப்பியா வாங்க முடியும்? அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நான் விட்ட டோஸில் அவசரக்குடுக்கை இன்றுவரை என் கண்ணில் படாமல் சுற்றினாள்.

கருவியை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்தேன்.

கிடைத்துவிட்டது.

தையல் மெஷின் இல்லை. டக், டக், டக் என்று தனித்தனியாக, எண்ணக்கூடிய துடிப்பு.

தொண்டை வரை வந்த கூச்சலை விழுங்கினேன். பொறுடி, நீயும் அவசரக்குடுக்கை ஆகிவிடாதே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கருவியின் திரையில் நூற்று நாற்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு. மறுபடி திரையைப் பார்த்தேன். நூற்று நாற்பதேதான்! நூற்று அறுபதுக்குக் கீழே வந்தால் போதும் என்றல்லவா பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்!

"அடங்கிடுச்சு டீச்சர்! நூத்தி நாப்பது! சத்தியமா அடங்கிடுச்சு!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கணவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்து, உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றார். அவசரக்குடுக்கை எங்கிருந்தோ முளைத்து என்னைக் கட்டிக்கொண்டாள். திட்டியதெல்லாம் மறந்து நானும் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். ஸ்கேன் டாக்டர் வந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் கணவர் உள்ளே வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனுஷனுக்கு எதற்கும் அழுகைதான்.

டீச்சர் கண்ணோரத்தில் வழிந்ததைத் தோளிலேயே துடைத்துக்கொண்டாள். அடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றாள். ஆளைப் பாருங்கள்!

இசிஜி பார்க்காமல் தர மாட்டேன் என்று மிரட்டிவிட்டு எடுத்தேன். ஒரு முனைகூட அகலமாகவில்லை. வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, பழுதில்லாத, ஆரோக்கியமான இதயம்.

மாத்திரையைப் போட்டு, முகத்தைச் சுளித்து, ஒரே மடக்கில் தண்ணீரைக் குடித்தாள். பிறகு குனிந்து, நான் துடைக்க மறந்த பசையோடு இருந்த தன் வயிற்றைத் தட்டி, மைதானமே நடுங்கும் குரலில் சொன்னாள்.

"ஓடுறதெல்லாம் வெளியே வந்தப்புறம் ஓடிக்கலாம். புரியுதா?"

திட்டு வாங்கியவர் பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.