வெறும் தண்ணீர்ப் படம்

ஏரியை ஒரே நீளப் படமாக ஒட்டுவதற்கென்று எடுத்த மூன்று படங்கள் ஒரு போனுக்குள் கிடந்தன. முதல் படத்தில் படகு, கடைசிப் படத்தில் மலை. நடுப்படத்தில் வெறும் தண்ணீர்தான். ஒரு ஓரத்தில் படகின் வாலும் மறு ஓரத்தில் மலையின் அடியும் கொஞ்சம் தெரிந்தன.

"என் படகு வாலைத் திருடி வச்சிருக்கியேடி!" என்றது படகுப்படம்.

"என் மலையையும்தான் கடிச்சு வச்சிருக்கா. இவ எதுக்குக்கா, நாம ரெண்டு பேர் போதாதா?" என்றது மலைப்படம்.

தண்ணீர்ப்படம் கூனிக் குறுகிப்போனது.

அந்த நேரம் பார்த்து ஒரு விரல் வந்தது. வெறும் தண்ணீர்தானே என்று அதை ஒதுக்கிவிட்டு, படகையும் மலையையும் ஒட்டிப் பார்த்தது. ஒன்றில் இருப்பது மற்றதில் துளிகூட இல்லை, எங்கே பொருந்தும்? அலுத்துப்போன விரல் மூன்றையும் அழிக்கப் போனது.

படகுப்படம் பதறியது. "அடி என் தங்கச்சி, அந்த வாலைக் கொஞ்சம் நல்லாக் காட்டும்மா!"

தண்ணீர்ப்படம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கையை நீட்டியது.